கையா, எண்ணெயா?



இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலரை ஒரு காலத்தில் யாரோ ஒரு பாட்டி காலில் போட்டுக் குளிப்பாட்டியிருப்பார். அது யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் தம்பிக்கோ தங்கைக்கோ, பிறகு பெற்ற பிள்ளைக்கோ நடந்ததைப் பார்த்திருப்பார்கள். கிணற்றடியிலோ குளியலறையிலோ ஒரு குட்டை மணையில் பாட்டி உட்காருவார். சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிக்கொண்டு, இரண்டு கால்களையும் ஒட்டி நீட்டுவார். கணுக்கால் பக்கம் குழந்தையின் தலை, தொடைப் பக்கம் அதன் பாதம். கைக்கு எட்டும் தூரத்தில் கிண்ணத்தில் லேசாகச் சூடு காட்டிய எண்ணெய். விரலைத் தோய்த்து முதல் சொட்டைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பார். சுடவில்லை என்று தெரிந்த பிறகுதான் அது குழந்தையின் நெஞ்சுக்குப் போகும்.

நெஞ்சின் நடுவிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து விரல் நுனிக்கு ஒரே நீவல். வயிற்றில் தொப்புளைச் சுற்றி வட்டம். தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி உருவல். வலக்கையையும் இடக்காலையும் குறுக்கே கொண்டுவந்து தொடவைத்து விடுவிப்பது. பிறகு குப்புறத் திருப்பி முதுகு. தொடக்கத்தில் முகம் சிவக்கக் கத்திய பிள்ளை, பாதி வழியில் வாயைத் திறந்தபடியே சும்மா கிடக்கும். வெந்நீர் வார்த்து, துவட்டி, பால் கொடுத்துத் தூளியில் போட்டால் வீட்டுக்குச் சிறிது நேரம் ஓய்வு.

“எண்ணெய் உடம்புல ஊறினாத்தான் பிள்ளை தேறும்” என்பார் பாட்டி. “அடிச்சுப் போட்டாப்ல தூங்கும் பாரு” என்றும் சொல்வார். முதல் பேச்சு வளர்ச்சியைப் பற்றியது, இரண்டாவது நடத்தையைப் பற்றியது. இரண்டையும் தராசும் அளவு நாடாவும் கடிகாரமும் வைத்துச் சோதிக்கலாம். சோதித்தும் இருக்கிறார்கள். மியாமி, டெல்லி, மும்பை, டாக்கா ஆகிய நான்கு ஊர்களில் நடந்த நான்கு ஆய்வுகளைச் சுற்றியே இன்றைய பேச்சு அமைகிறது. அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, பாட்டியின் வாக்கியத்துக்குள் இருக்கும் ஒரு கேள்வி வெளியே வருகிறது. பிள்ளையைத் தேற்றுவது எண்ணெயா, அதைத் தேய்க்கிற கையா?

மேற்கு நாடுகள் குழந்தை மசாஜை அறிந்துகொண்டதில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் ஃப்ரெடெரிக் லெபோயே கொல்கத்தா வந்தபோது, சாந்தலா என்ற பெண் திறந்த வெளியில் கால் நீட்டி உட்கார்ந்து தன் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்தார். அசைவு அசைவாகப் புகைப்படம் எடுத்தார். 1976-இல் வந்த அவருடைய நூலுக்கு அந்தப் பெண்ணின் பெயரே தலைப்பு. பிரேசிலில் இன்றும் குழந்தை மசாஜுக்கு ‘சாந்தலா’ என்றே பெயர். 1970-களின் தொடக்கத்தில் இந்தியாவில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் வேலை செய்த விமலா மெக்ளூர் என்ற அமெரிக்கப் பெண்ணும் இங்கே பார்த்ததை ஊருக்குக் கொண்டுபோய்த் தாய்மார்களுக்கு வகுப்பாக நடத்தினார். இவர்கள் இருவரும் மசாஜை அன்பின் மொழியாகக் கண்டவர்கள். எடை போட்டுப் பார்க்கும் வேலை வேறோர் இடத்தில், எலிக்குஞ்சுகளை வைத்துத் தொடங்கியது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க்கும் சிந்தியா கூனும் எலிக்குஞ்சுகளின் வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தாயிடமிருந்து பிரித்ததும் குஞ்சுகளின் உடலில் வளர்ச்சி ஹார்மோன் குறைந்தது. திசு வளர்ச்சிக்குத் தேவையான ஒரு நொதியும் சட்டென்று இறங்கியது. பால் இல்லாததால் இருக்குமோ, குளிரால் இருக்குமோ என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளினார்கள். மிஞ்சியது தாயின் நாக்கு. தாய் எலி குஞ்சுகளை ஓயாமல் நக்கிக்கொண்டே இருக்கும். அது நின்றதுதான் கோளாறு. ஈரத் தூரிகை ஒன்றை எடுத்து, தாய் நக்குகிற அழுத்தத்தில் குஞ்சுகளின் உடம்பில் தடவினார்கள். இறங்கிய அளவுகள் ஏறின. 1979-இல் இது அச்சில் வந்தது.

இங்கிருந்து மியாமிக்குப் போகலாம். அந்தக் காலத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குறைமாதக் குழந்தையைக் கூடுமான வரை தொடாமல் இருப்பதே நல்லது என்று கருதினார்கள். தொட்டால் களைத்துப்போகும், எடை ஏறாது என்பது கணக்கு. உளவியலாளர் டிஃபனி ஃபீல்டும் ஷான்பெர்க் உள்ளிட்ட குழுவினரும் அதற்கு நேர்மாறாக 40 குறைமாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். பிறக்கும்போது அவற்றின் சராசரி எடை ஒன்றேகால் கிலோவை ஒட்டியிருந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மீதிப் பாதிக்கு, இன்குபேட்டரின் துளை வழியாகக் கையை விட்டு, ஒரு வேளைக்கு 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, பத்து நாள் மசாஜ். முதல் ஐந்து நிமிடம் தலையிலிருந்து கால் வரை நீவுவது, அடுத்த ஐந்து நிமிடம் கைகால்களை மடக்கி நீட்டுவது, கடைசி ஐந்து நிமிடம் மறுபடி நீவுவது. வரிசையைப் பார்த்தால் மணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

1986-இல் முடிவு வந்தது. மசாஜ் பெற்ற குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் எடை ஏறியது. மற்றக் குழந்தைகளுக்கு 17 கிராம். அதாவது 47 சதவீதம் கூடுதல். இரு பிரிவும் குடித்த பாலின் அளவில் வித்தியாசம் இல்லை. மசாஜ் பெற்றவை விழித்திருக்கும் நேரத்தில் அதிகச் சுறுசுறுப்பாக இருந்தன. சராசரியாக ஆறு நாள் முன்னதாக வீட்டுக்கும் போயின; ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய 3,000 டாலர் மருத்துவமனைச் செலவு மிச்சம்.

அதே பால் குடித்து அதிக எடை எப்படி? பின்னர் நடந்த ஆய்வுகள் வேகஸ் நரம்பைச் சுட்டின. மூளையிலிருந்து இறங்கி இதயத்துக்கும் இரைப்பைக்கும் போகிற நரம்பு அது. மசாஜின்போது அதன் செயல் கூடுகிறது. இரைப்பையின் அசைவு கூடுகிறது. இன்சுலினும், இன்சுலினைப் போன்ற ஒரு வளர்ச்சிக் காரணியும் இரத்தத்தில் உயர்கின்றன. குடித்த பால் உடம்பில் ஒட்டுகிறது என்று வீட்டில் சொல்வார்களே, அதற்கு இது ஒரு விளக்கம்.

இந்த இடத்தில் தமிழின் வினைச்சொற்கள் கைகொடுக்கின்றன. ஆங்கிலத்தில் மசாஜ் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குவதை நாம் வருடுதல், நீவுதல், உருவுதல், பிசைதல், பிடித்துவிடுதல் என்று பிரித்து வைத்திருக்கிறோம். 2006-இல் ஃபீல்டின் குழு ஒரே வகை மசாஜை இரண்டு அழுத்தங்களில் செய்து பார்த்தது. மெல்ல வருடிய குழந்தைகளைவிட, மிதமான அழுத்தத்தில் நீவிய குழந்தைகளுக்கு எடை அதிகம் ஏறியது. லேசான வருடல் சில குழந்தைகளுக்குக் கூச்சத்தையே தருகிறது. எலி ஆய்விலும் தூரிகையின் அழுத்தம் முக்கியமாக இருந்ததை நினைத்துக்கொள்ளலாம்.

அழுத்தத்தைப் போலவே வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. தோலில் ரோமம் உள்ள பகுதிகளில் மெல்லிய நரம்பிழைகள் சில இருக்கின்றன. குத்தினாலோ சட்டென்று உரசினாலோ அவை பெரிதாகப் பதில் சொல்வதில்லை. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நீவினால்தான் நன்றாக வேலை செய்கின்றன. இதை 2009-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அவையில் இருப்பவர்கள் இப்போதே செய்து பார்க்கலாம். முழங்கை மடிப்பில் விரலை வைத்து, எட்டு வரை எண்ணி முடிக்கும்போது மணிக்கட்டை அடையும்படி நீவுங்கள். கிட்டத்தட்ட நொடிக்கு 3 சென்டிமீட்டர். ஒன்பது மாதக் குழந்தைகளை இதே வேகத்தில் தூரிகையால் நீவியபோது அவற்றின் இதயத் துடிப்பு நிதானமானது என்று 2014-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதைவிட மிக மெதுவாகவோ மிக வேகமாகவோ நீவியபோது அந்த விளைவு இல்லை. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்து அவசரமாகத் தேய்க்கிற கைக்கும் உட்கார்ந்து தேய்க்கிற கைக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பிள்ளையின் தோல் அறியும்.

இதுவரை சொன்னது முழுவதும் கையின் கதை. மியாமியின் அந்தப் பழைய ஆய்வில் எண்ணெயே கிடையாது. பிறகு 1992-இல் ஃபீல்ட் மியாமி மருத்துவப் பள்ளியில் தொடுகை ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்க நிதி கொடுத்தது ஜான்சன் அண்ட் ஜான்சன். அப்போது குழந்தை எண்ணெய் விற்றுவந்த நிறுவனம் தொடுகை ஆராய்ச்சிக்குப் பணம் தந்ததைப் படிக்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. அதனாலேயே முடிவுகள் பொய் என்று ஆகிவிடாது.

எண்ணெயின் கதைக்கு டெல்லிக்கு வர வேண்டும். 2000-ஆம் ஆண்டு கே.என். அகர்வால் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அது. நிறைமாதத்தில், மூன்று கிலோவுக்கு மேல் பிறந்து, ஆறு வாரத்தை ஒட்டிய வயதில் இருந்த 125 குழந்தைகள். குலுக்கல் முறையில் ஐந்து பிரிவு: மூலிகை எண்ணெய், நல்லெண்ணெய், கடுகெண்ணெய், கனிம எண்ணெய், ஐந்தாவதாக மசாஜே இல்லாத பிரிவு. நான்கு வாரம் தேய்த்தார்கள். எடை, நீளம், மேல்கைச் சுற்றளவு, கால் சுற்றளவு ஆகியவற்றோடு, தொடைத் தமனியில் இரத்தம் ஓடும் வேகத்தையும் ஒலியலைக் கருவியால் அளந்தார்கள். தேய்த்த பிள்ளைகள் தேய்க்காத பிள்ளைகளைவிட வளர்ச்சியில் முன்னே இருந்தார்கள். நல்லெண்ணெய்ப் பிரிவில் தொடையின் இரத்த ஓட்டமும் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. தேய்த்த பின் தூங்கிய நேரத்திலும் அந்தப் பிரிவே முதலிடம், சுமார் 1.6 மணி நேரம்.

செட்டிநாட்டுச் செக்கும் தஞ்சாவூர் எள்ளும் வென்றுவிட்டன என்று கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஐந்து பிரிவையும் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். எண்ணெய் இல்லாமல் வெறுங்கையால் தேய்த்த பிரிவு அதில் இல்லை. அதனால் எண்ணெய்களுக்குள்ளே எது முந்தியது என்று டெல்லி ஆய்வு சொல்ல முடியும். மசாஜ் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் கைக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துத் தர அதனால் முடியாது. ஒரு பிரிவுக்கு 25 குழந்தைகள் என்பதும் சின்னக் கணக்குதான்.

எண்ணெய் இல்லாமல் தேய்த்த பிரிவு 2005-இல் வெளிவந்த மும்பை ஆய்வில் இருந்தது. சயானில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில் மூன்று பிரிவு வைத்தார்கள்: தேங்காய் எண்ணெய், கனிம எண்ணெய், மூன்றாவதாகப் பவுடர். ஆக எல்லாப் பிள்ளைகளுக்கும் கை உண்டு. கையில் இருக்கும் பொருள்தான் வேறு. பிறந்த இரண்டாம் நாளிலிருந்து நாளுக்கு நான்கு முறை மசாஜ். மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர் செய்தார். வீட்டுக்குப் போன பிறகு 31-ஆம் நாள் வரை தாய் செய்தார். குறைமாதக் குழந்தைகளில் தேங்காய் எண்ணெய்ப் பிரிவுக்கு எடை ஏறும் வேகம் மற்ற இரண்டையும் விட அதிகம், நீளமும் கூடியது. நிறைமாதக் குழந்தைகளிலோ தேங்காய் எண்ணெய் பவுடரை முந்தியது. ஆனால் நரம்பு சார்ந்த நடத்தையைச் சோதித்தபோது மூன்று பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

எடை ஏறுவதில் எண்ணெய்க்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்தப் பங்கு எந்த வழியாக வருகிறது? குறைமாதக் குழந்தையின் தோலைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் புரியும். ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளையின் தோல் சிவந்து, பளபளத்து, அடியில் ஓடும் இரத்தக் குழாய் தெரிகிற அளவு மெல்லியதாக இருக்கும். மேலே இருக்க வேண்டிய காப்பு அடுக்கு இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. அதன் வழியே நீர் ஆவியாகிப் போகிறது, நீரோடு சூடும் போகிறது. அந்தச் சூட்டைத் திரும்ப உண்டாக்க, குடித்த பாலில் ஒரு பகுதியை உடம்பு எரிக்கிறது. வளர்ச்சிக்கு மிஞ்சுவது குறைகிறது. எண்ணெய்ப் படலம் மூடி போல உட்கார்ந்து நீர் போவதைக் குறைக்கிறது. தோல் வழியாகக் கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் சேர்வதையும் குறைமாதக் குழந்தைகளிடம் அளந்திருக்கிறார்கள். பாட்டி சொன்ன ‘ஊறுதல்’ வெறும் வாய்ப்பேச்சில்லை, குறைமாதத் தோலைப் பொறுத்த வரையில்.

அந்த மெல்லிய தோலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நீர் வெளியே போகிற வழியில் கிருமி உள்ளே வருகிறது. கேரி டார்ம்ஸ்டாட் தலைமையிலான குழு டாக்கா சிசு மருத்துவமனையில், 33 வாரம் நிறையும் முன்பே பிறந்த 497 குழந்தைகளை வைத்து நடத்திய சோதனை இதைப் பற்றியது. ஒரு பிரிவுக்குச் சூரியகாந்தி எண்ணெய், ஒரு பிரிவுக்கு ஒரு களிம்பு, ஒரு பிரிவுக்கு ஒன்றும் பூசாத வழக்கமான கவனிப்பு. சூரியகாந்தி எண்ணெய் பூசிய பிரிவில் மருத்துவமனையில் தொற்றுகிற நோய்த்தொற்று 41 சதவீதம் குறைந்தது. இது 2005-இல் வந்த முடிவு. 2008-இல் இறப்புக் கணக்கையும் வெளியிட்டார்கள்: 26 சதவீதம் குறைவு. மசாஜுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு அல்ல இது. தோலுக்கு எண்ணெய் பூசினார்கள், அவ்வளவுதான். சமையலறையில் வாழைக்காய் பொரிக்கிற அதே வகை எண்ணெய் ஏழை நாட்டு மருத்துவமனை ஒன்றில் உயிர் காத்தது.

இதே எண்ணெயை ஊர் முழுவதும் கொண்டுபோனால் என்ன ஆகும்? உத்தரப்பிரதேசக் கிராமங்களில் பிறந்த பல்லாயிரம் குழந்தைகளிடம் பார்த்தார்கள். அங்கே காலங்காலமாகக் கடுகெண்ணெய். அதற்குப் பதிலாகச் சில பகுதிகளில் சூரியகாந்தி எண்ணெய் கொடுத்தார்கள். 2021-இல் வந்த முடிவின்படி, எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பில் வித்தியாசம் இல்லை. ஒன்றரைக் கிலோவும் அதற்குக் கீழுமாகப் பிறந்தவர்களைத் தனியாகப் பார்த்தால் இறப்பு ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. எண்ணெய் யாருக்கு வேலை செய்கிறது என்பது கண் முன்னே தெளிகிறது. தோல் முற்றாத பிள்ளைக்கு அது கவசம். மூன்று கிலோ எடையோடு கொழுகொழுவென்று பிறந்த பிள்ளைக்கு அந்தக் கவசம் ஏற்கெனவே இருக்கிறது.

இருக்கிற கவசத்தில் எண்ணெய் தடவினால் நல்லது கூடாவிட்டாலும் கெடுதல் ஒன்றும் இல்லையே என்று கேட்கலாம். 2016-இல் வெளியான மான்செஸ்டர் ஆய்வில் அதையும் சோதித்திருக்கிறார்கள். நிறைமாதத்தில் பிறந்த 115 குழந்தைகள்; ஒரு பிரிவுக்கு ஆலிவ் எண்ணெய், ஒரு பிரிவுக்குச் சூரியகாந்தி எண்ணெய், ஒரு பிரிவுக்கு ஒன்றும் இல்லை. நாளுக்கு இரண்டு வேளை சில சொட்டுகள், நான்கு வாரம். எண்ணெய் பூசிய தோலில் ஈரப்பதம் கூடியது உண்மை. ஆனால் தோலின் மேலடுக்கில் செங்கல்லுக்கு இடையே சாந்து போலப் படிய வேண்டிய கொழுப்புப் படலம், எண்ணெய் பூசாத குழந்தைகளிடம் சீராகப் படிந்த அளவுக்கு இவர்களிடம் படியவில்லை. அதனால் பிற்காலத்தில் தோல் நோய் வருமா என்பதைச் சொல்லும் அளவுக்கு ஆய்வு நீளவில்லை. ஆலிவ் எண்ணெயில் மிகுதியாக இருக்கும் ஓலிக் அமிலம் தோலின் அடுக்கைத் தளர்த்துகிறது என்பது பெரியவர்களிடம் செய்த சோதனைகளிலும் தெரிந்த செய்தி. சூரியகாந்தியிலும் எள்ளிலும் லினோலிக் அமிலம் கணிசம். தோல் தன் காப்பு அடுக்கைக் கட்டிக்கொள்ளத் தேவையான சரக்கு அது.

கடலை எண்ணெயைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் பல்லாயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்விலிருந்து 2003-இல் ஒரு செய்தி வந்தது: நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைத் தோல் தடிப்புக்குப் பூசிய குழந்தைகளிடம் பிற்பாடு நிலக்கடலை ஒவ்வாமை அதிகம் காணப்பட்டது. வாய்வழியே போகிற உணவை உடம்பு உறவாக ஏற்கிறது. புண்பட்ட தோல் வழியே அதே உணவு வந்தால் பகையாக எண்ணிவிடுகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். கரப்பானும் சொறியுமாக இருக்கும் பிள்ளைக்கு எந்த எண்ணெயையும் மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது என்பதற்கு இது போதும்.

இனித் தூக்கத்துக்கு வருவோம். பிறந்த குழந்தைக்கு இரவும் பகலும் ஒன்றுதான். இருட்டினால் சுரக்க வேண்டிய மெலடோனின் மூன்றாம் மாதத்தை ஒட்டித்தான் ஒழுங்குக்கு வருகிறது. இஸ்ரேலில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்த பத்தாம் நாளிலிருந்து இரண்டு வாரம் தாய்மார்கள் தூங்க வைக்கும் நேரத்தில் குழந்தைக்கு மசாஜ் செய்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் சோதித்தபோது, அந்தக் குழந்தைகளின் உடலில் இரவில் சுரந்த மெலடோனின் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. ஆக, எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு பகலில் அடித்துப் போட்டாற்போலத் தூங்குவது ஒரு சங்கதி. தினமும் ஒரே நேரத்தில் ஒரே கை தொடுவதால் குழந்தைக்குப் பொழுது பிடிபடுவது வேறொரு சங்கதி. ராத்திரி முழுவதும் விழித்திருக்கும் வீடுகளுக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

தொடுகிறவருக்கு என்ன நேர்கிறது என்பதையும் 2001-இல் வெளியான லண்டன் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருந்த தாய்மார்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒன்றாக ஐந்து மசாஜ் வகுப்புகளுக்குப் போனார்கள். குழந்தை எப்போது ரசிக்கிறது, எப்போது முகத்தைத் திருப்புகிறது என்று கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஐந்து வாரம் முடிந்தபோது தாயும் சேயும் பழகும் விதம் மேம்பட்டிருந்தது, மனச்சோர்வும் குறைந்திருந்தது. அழுகிற பிள்ளையை எடுக்கவே கை வராமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, இன்னது செய்தால் இது அடங்குகிறது என்று தெரிந்துபோனது பெரிய விஷயம்.

இத்தனை நல்ல செய்திக்கும் நடுவில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரும் ஊற்ற வேண்டியிருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தரம் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, ஆறு மாதத்துக்கு உட்பட்ட ஆரோக்கியமான குழந்தைகளின் மசாஜ் பற்றிய 34 ஆய்வுகளை 2013-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. அவற்றில் 20 ஆய்வுகள் ஒருபக்கச் சாய்வுக்கு அதிக வாய்ப்புள்ளவை என்று அது முத்திரை குத்தியது. எந்தக் குறையும் இல்லாத குழந்தைக்கும் குடும்பத்துக்கும் மசாஜைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றும் எழுதியது.

அதன் பிறகும் ஆய்வுகள் சேர்ந்தன. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டு வழிகாட்டிகளை வெளியிட்டது. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு உடல் முழுவதும் மென்மையான மசாஜ் செய்வதைப் பரிசீலிக்கலாம் என்கிறது முதலாவது. அதே குழந்தைக்குத் தோல் நோயைத் தடுப்பதற்காக வழக்கமாக எண்ணெயோ களிம்போ பூசுவதை அது பரிந்துரைக்கவில்லை. குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்த குழந்தைக்கு உடலில் எண்ணெய் பூசுவதைப் பரிசீலிக்கலாம் என்கிறது இரண்டாவது. மியாமியும் டெல்லியும் மும்பையும் டாக்காவும் தனித்தனியாகச் சொன்னவற்றை இந்த வரிகள் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டன. நிறைமாதப் பிள்ளைக்குக் கை, குறைமாதப் பிள்ளைக்கு எண்ணெயும்.

அப்படியானால் பாட்டியின் மணையில் எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது?

எண்ணெய்க் கிண்ணம் இருக்கலாம். கை வழுக்கிக்கொண்டு போக ஏதாவது வேண்டும். பிறந்து 24 மணி நேரம் கழியும் வரை குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம். பிறக்கும்போது உடம்பில் ஒட்டியிருக்கும் வெண்ணெய் போன்ற பூச்சு அழுக்கு என்று தேய்த்து எடுக்கப்படுகிறது. அது இயற்கையே பூசி அனுப்பிய முதல் எண்ணெய். குறைமாதப் பிள்ளைக்கு எதைப் பூசுவதானாலும் மருத்துவமனையில் கேட்டுத்தான் பூச வேண்டும். தேய்க்கிற அறையில் மின்விசிறி ஓடக் கூடாது. பால் குடித்த கையோடு வயிற்றைத் தேய்க்கக் கூடாது. குழந்தை வளைந்து நெளிந்து அழுதுகொண்டே இருந்தால் அன்றைக்கு விட்டுவிடலாம்.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது அறவே கூடாது. விளக்கெண்ணெயைத் தொண்டையில் ஊற்றுவதும் அப்படித்தான். தண்ணீர் மூச்சுக்குழாயில் போனால் குழந்தை இருமும். எண்ணெய் போனால் இருமல் கூட எழும்பாது. அது சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிடும். நுரையீரலால் அதைக் கரைத்து வெளியேற்ற முடியாது. தென்னிந்தியக் குழந்தைகளிடம் காணப்பட்ட இந்த எண்ணெய் நிமோனியாவைப் பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகள் ஆகியும் சில வீடுகளில் அந்தச் சொட்டு நிற்கவில்லை.

பிறந்த குழந்தையின் மார்பு வீங்கியிருந்தால் பிழிந்து பால் எடுப்பதும் அப்படியே கைவிட வேண்டியது. தாயின் ஹார்மோனால் வந்த வீக்கம் அது; சில வாரத்தில் தானாக வடியும். பிழிந்தால் சீழ் கட்டும். தலையை அழுத்தி உருண்டையாக்குவதும் மூக்கை இழுத்து நீளமாக்குவதும் கால் வளைவை நிமிர்த்துவதும் நடக்கிற காரியங்கள் இல்லை. கைக்குழந்தையின் கால் வில்லாக இருப்பது இயல்பு; நடக்கத் தொடங்கி இரண்டு வயதை ஒட்டி அது தானே நேராகிறது. அந்தப் பெருமையைத்தான் நாம் எண்ணெய்க்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு மாற்றமும் செய்து பார்க்கலாம். பல வீடுகளில் குளிப்பாட்டுவதற்கென்று ஒரு பாட்டி வருவார். மூன்று மாதம் கழித்துப் போய்விடுவார். தாய் கதவோரத்தில் துண்டோடு நின்றுகொண்டிருப்பார். “இது வழுக்கிடுமே, எனக்குப் பயமா இருக்கு” என்பார். லண்டன் தாய்மார்கள் வகுப்புக்குப் போய்க் கற்றதை இங்கே சொல்லித் தர ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். முப்பதாம் நாளுக்குப் பிறகு ஒரு காலைப்பொழுதில் மணையில் தாய் உட்காரட்டும். பாட்டி பக்கத்தில் முக்காலி போட்டுக்கொள்ளட்டும். “வெரசாத் தேய்க்காதடி, மெதுவா நீவு” என்று அவர் சொல்லச் சொல்ல, முதல் நாள் நெஞ்சும் கையும் மட்டும். மறுநாள் கால்கள். குப்புறத் திருப்புவது நாலாவது நாள் வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கும் இதில் இடம் உண்டு. விடுமுறை நாளில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மணை உடைந்துவிடாது. ஒரு வாரத்தில் கிண்ணம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், சொட்டு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் தாயின் மணிக்கட்டுக்கே தெரிந்துவிடும்.